மாணவர் எழுத்தைத் திருத்தும்போது நம் பேனா எங்கே நிற்க வேண்டும்?

#1 கரும்பலகை

வணக்கம். பள்ளி ஆண்டு மலருக்கு வரும் படைப்புகளைத் தேர்ந்தெடுத்துச் செம்மைப்படுத்தும் பொறுப்பு இந்த வருடமும் என்னிடம் வந்திருக்கிறது. கூடவே ஒரு சக ஆசிரியரும் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதிய சிறுகதை ஒன்றை வைத்து எங்கள் இருவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த வரிகளை இங்கே இடுகிறேன்.

கதையில் அப்பா தன் சைக்கிளை விற்கப்போகிறார். வாங்க வருவதாகச் சொன்ன ஆளுக்காகக் காத்திருக்கிறார். அவள் எழுதியது:

> அப்பா சைக்கிளைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். மணி அடித்துப் பார்த்தார். துடைத்தார். யாரும் வரல.

சக ஆசிரியர் மாற்றி எழுதியது:

> மிதிவண்டியை வாங்குவதாகக் கூறிய நபர் வராததால் மனம் வெதும்பிய தந்தை, அதனைத் திரும்பத் திரும்பத் துடைத்தவண்ணம் காத்திருந்தார்.

இரண்டாவதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அதைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்: “நல்லா இருக்கு மிஸ். ஆனா இதுல என் பேரு வேண்டாம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சக ஆசிரியரின் வாதத்தையும் ஒதுக்க முடியவில்லை. “கூறியது கூறல் குற்றம் என்று நாமே நடத்துகிறோம். அதையே அச்சிலும் ஏற்றினால் தேர்வில் எப்படி எழுதுவாள்? பிழையோடு போட்டால் திருத்தத் தெரியாத பள்ளி என்றுதானே பேசுவார்கள்?” என்கிறார்.

கதையில் உண்மையான சிக்கல்களும் உண்டு. கதைசொல்லி மகளா மகனா என்பது மூன்றாம் பக்கம் வரை தெரியவில்லை. கடைசிப் பக்கம் ஓடி முடிகிறது. ஒற்றுப்பிழைகள் நிறைய. இவற்றில் அவளுக்கு உதவியே ஆக வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உதவி எந்த இடத்தில் பறிப்பாக மாறுகிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மெய்ப்புமேசை

டீச்சர், நான் மெய்ப்புப் பார்க்கிறவன். அந்த ஐந்து வாக்கியங்களில் நான் பேனா வைக்கும் இடம் ஒன்றுதான், “வரல”. அதையும் மாற்ற மாட்டேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். மற்றதெல்லாம் எழுத்துவழக்கில் இருக்கும்போது அது மட்டும் பேச்சுவழக்கில் இருக்கிறதே, தெரிந்து வைத்ததா, தவறி வந்ததா? தெரிந்துதான் வைத்தேன் என்றால் அப்படியே போகட்டும்.

“கூறியது கூறல்” விஷயத்துக்கு வருகிறேன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று, சரி. ஆனால் அந்தப் பத்தும் நூலுக்குச் சொன்ன குற்றங்கள். ஒரு கருத்தைச் சொன்னபின் பயனில்லாமல் மறுபடி சொல்வதுதான் அங்கே குற்றம். ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்து அழகு சேர்த்தால் அதற்குத் தண்டியலங்காரத்தில் அணி என்றே பெயர் இருக்கிறது: சொற்பொருள் பின்வருநிலையணி. “எல்லா விளக்கும் விளக்கல்ல” குறளில் விளக்கு நான்கு முறை வருகிறது. அதை அணி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளை “துடைத்தார்” என்று மூன்று முறை எழுதினால் குற்றம் என்பது நியாயமா?

அந்த மூன்று “துடைத்தார்”களில்தான் அந்த மனிதர் காத்திருக்கிற நேரம் முழுவதும் இருக்கிறது. “மனம் வெதும்பிய” என்று சொன்னதுமே அந்த நேரம் போய்விட்டது. அவள் காட்டியதை இவர் அறிவித்துவிட்டார். “என் பேரு வேண்டாம்” என்றாளே, அந்தப் பிள்ளைக்கு நல்ல காது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

#3 ஓரக்குறிப்பு

எழுத்துக் கற்பித்தல் பற்றிப் படிப்பவள் என்ற முறையில் சில தகவல்கள். இந்த வாக்குவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

1982இல் நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 35 ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார். அவர் கண்டவற்றில் இரண்டு இன்றைக்கும் சுடுகின்றன. பெரும்பாலான குறிப்புகள் அந்தக் கட்டுரைக்கென்று எழுதப்பட்டவையே அல்ல. “தெளிவாக எழுது”, “இன்னும் விளக்கு” என்று ரப்பர் முத்திரை செய்து எந்தத் தாளில் வேண்டுமானாலும் குத்தலாம். மற்றது, ஒரே பத்தியில் “சுருக்கு” என்றும் எழுதியிருந்தது, “விரித்து எழுது” என்றும் எழுதியிருந்தது. நீக்கவேண்டிய பத்தியிலேயே காற்புள்ளியும் திருத்தப்பட்டிருந்தது. எது முக்கியம் என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? அவர் தன் நோக்கத்தை விட்டுவிட்டு, ஆசிரியர் எதை விரும்புகிறார் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அதே வருடம் லில் பிரானன், சி. எச். நோப்ளாக் இருவரும் மாணவருக்குத் தன் பிரதியின்மேல் உள்ள உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் தன் மனத்தில் ஓர் இலட்சியப் பிரதியை வைத்துக்கொண்டு, மாணவர் எழுதியது அதிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் பிழை என்று காண்கிறார் என்பது அவர்கள் வாதம். பெரிய எழுத்தாளரைப் படிக்கும்போது ஒரு வரி புரியாவிட்டால் “ஏதோ காரணம் இருக்கும்” என்று பொறுமையாக மறுபடி படிக்கிறோம். மாணவர் என்றால் அந்தப் பொறுமை போய்விடுகிறது. அவருக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கலாம் என்ற மரியாதையை முதலில் தரவேண்டும், அந்த நோக்கத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்கிறார்கள்.

கரும்பலகை அவர்களே, உங்கள் சக ஆசிரியர் மனத்தில் வேறொரு கதை இருந்திருக்கிறது. நல்ல கதையாகவும் இருக்கலாம். அதை அவரே தன் பெயரில் எழுதலாம்.

#4 மைத்துளி

நான் காலேஜ் முதல் வருஷம். மாணவர் தரப்புல இருந்து ஒண்ணு சொல்லிக்கிறேன்.

மேல எல்லாரும் சொல்றது சரிதான். ஆனா இதோட மறுபக்கம் ஒண்ணு இருக்கு. எனக்கு ஒரு ஆசிரியர் இருந்தாங்க, எதையும் மாத்தவே மாட்டாங்க. எது கேட்டாலும் “நீ என்ன நினைக்கிற?”னு திருப்பிக் கேப்பாங்க. கதைல அடுத்து என்ன வரணும்னு யோசிக்கிறப்போ அது ரொம்ப உதவுச்சு. ஆனா “எழுதிப் பார்த்தான்”னு வரும்போது நடுவுல “ப்” வருமா வராதான்னு கேட்டாலும் அதே கேள்வி! எனக்குத் தெரியலன்னுதானே வந்து கேக்குறேன்? தெரியாத விதியை நான் உள்ளேயிருந்து எப்படிக் கண்டுபிடிப்பேன்? வீட்ல படிச்சவங்க இருக்கிற பசங்களுக்கு அது ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு அங்க மட்டும்தான் கேக்க முடியும்.

எனக்கு ரொம்ப உதவின குறிப்பு ஒண்ணு ஞாபகம் இருக்கு. “இந்தப் பத்தியில் இரண்டு ‘அவன்’ இருக்கிறார்கள். எந்த அவன் கதவைத் திறந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.” அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க. எப்படி மாத்தணும்னு சொல்லல. நான் ஒரு ஆளுக்குப் பேர் வெச்சேன், பேர் வெச்சதும் அந்த ஆள் மேல கதையே நகர ஆரம்பிச்சுடுச்சு.

#5 பட்டறை

மைத்துளி தம்பி சொன்னதை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. “எழுத்து உன்னுடையது” என்று சொல்லிவிட்டு, தெரிந்த விதியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது மரியாதை ஆகாது. விதி யாருடைய சொத்தும் இல்லை, கேட்டால் கொடுத்துவிட வேண்டும். வாக்கியம்தான் அவருடையது.

வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பட்டறை நடத்துகிறேன். நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

விதியை விளக்கும்போது அந்தப் பிள்ளையின் வாக்கியத்தை எடுப்பதில்லை. வேறொரு வாக்கியத்தில் செய்து காட்டுகிறோம். “எழுதிப் பார்த்தான்” சிக்கல் என்றால், காகிதத்தின் பின்பக்கம் “ஓடி + போனான் = ஓடிப்போனான்”, “தேடி + கண்டான் = தேடிக் கண்டான்” என்று எழுதி, இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்று நேரடியாகச் சொல்லிவிடுவோம். “வந்து பார்த்தான்” போன்றவற்றில் ஏன் மிகாது என்றும் சேர்த்தே சொல்லுவோம், இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் “ப்” போட்டுவிடுவார்கள். பிறகு தாளைப் பிள்ளையிடம் தள்ளிவிட்டு, “உன் கதையில் இதுபோல எங்கே வருகிறது, பார்” என்போம். அறிவு முழுவதையும் கொடுத்தாயிற்று. பேனா அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வரிசையும் முக்கியம். முதல் வரைவில் ஒற்றுப்பிழையைத் தொடவே மாட்டோம். நாளை வெட்டப்போகும் பத்திக்கு இன்று ஒற்றுத் திருத்தினால், திருத்திய உழைப்பை நினைத்தே அந்தப் பத்தியை வெட்ட மனம் வராது. முதலில் கதை நிற்கட்டும்.

பிள்ளை தன் எழுத்தைத் தானே வாய்விட்டுப் படிக்க, நான் தாளைப் பார்க்காமல் கேட்கிறேன். தாள் என் கையில் இருந்தால் என் கண் பிழையைத்தான் தேடும். காதால் கேட்டால் கதை கேட்கும். படிக்கிற பிள்ளை தடுக்குகிற இடத்தில் வாக்கியம் பெரும்பாலும் நீளமாக இருக்கும், அல்லது எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறெங்கோவும் கிடக்கும். நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. “இரு இரு, இதை மாத்திக்கிறேன்” என்று அவர்களே கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாக, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று பிள்ளையிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறோம். “முடிவு மட்டும் பாருங்க” என்றால் முடிவை மட்டும் பார்க்கிறோம். வேறு இடத்தில் ஏதாவது உறுத்தினால், “இன்னொன்றும் கவனித்தேன், சொல்லலாமா?” என்று கேட்டுத்தான் சொல்வோம். வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. அடுத்த வாரம் அவர்களே வந்து கேட்பார்கள்.

#6 ஆய்வேடு

கதை, கவிதைக்கு இதெல்லாம் பொருந்தும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராக இருப்பவன் நான், எங்கள் பக்கம் நிலைமை வேறு. ஆய்வேட்டில் துறைக்கென்று ஒரு மொழி இருக்கிறது. தரவு இவ்வளவு, முடிவு இவ்வளவுதான் என்று அளந்து சொல்லவேண்டும். மாணவர் “இதனால் நிரூபணமாகிறது” என்று எழுதியிருப்பார், தரவோ “இவ்வாறு கருத இடமுண்டு” என்ற அளவுக்குத்தான் இருக்கும். அங்கே நான் மாற்றித்தான் ஆகவேண்டும். “உன் குரல்” என்று விட்டுவிட முடியாது.

அவகாசமும் இல்லை. நெறியாளர் ஒரு பத்தியை எழுதிக்கொடுத்துவிட்டால் பத்து நிமிடம். மாணவரைக் கண்டுபிடிக்க விட்டால் பத்து நாள்.

#7 ஓரக்குறிப்பு

ஆய்வேடு ஐயா, மாற்றவேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. யார் மாற்றுவது என்பதுதான் கேள்வி. “உன் தரவு இந்த வினைச்சொல்லைத் தாங்காது” என்று ஓரத்தில் எழுதினால் போதுமே? அது துறை அறிவு, அதைச் சொல்லத்தான் நெறியாளர். ஆனால் முழுப் பத்தியையும் நீங்கள் எழுதிக்கொடுத்தால், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பத்தியைத்தான் கேட்பார். “ஏன் இப்படி வரையறுத்தீர்கள்?” என்றால் மாணவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் தங்கள் எழுத்துக்கு உதவி கேட்டுப் போகும் பல்கலைக்கழக எழுத்து மையங்களிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. எங்கள் வேலை சிறந்த எழுத்தை உண்டாக்குவதல்ல, சிறந்த எழுத்தாளரை உண்டாக்குவது என்று 1984இல் ஸ்டீபன் நார்த் எழுதினார். 1991இல் ஜெஃப் புரூக்ஸ் அதை இன்னும் இறுக்கி, பயிற்றுநர் பென்சிலையே கையில் எடுக்கக் கூடாது என்றார். 1995இல் லிண்டா ஷமூன், டெபோரா பர்ன்ஸ் இருவரும் மறுத்தார்கள். இசை ஆசிரியர் வாசித்துக் காட்டித்தானே கற்றுக்கொடுக்கிறார், முதுநிலை மாணவர்களுக்கு வல்லுநர் செய்து காட்டுவதும் கற்பித்தல்தான் என்பது அவர்கள் கட்சி. மைத்துளி கேட்டதற்கும் நீங்கள் சொல்வதற்கும் அது நெருக்கமானது. நானும் அந்தப் பக்கம் சாய்கிறவள்தான். ஆனால் இசை ஆசிரியர் வாசித்துக் காட்டியபின் வாத்தியத்தை மாணவரிடம் கொடுத்துவிடுகிறார். கச்சேரியில் மாணவர் பெயரைப் போட்டுவிட்டுத் தானே வாசிப்பதில்லை.

#8 கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அவர்கள் சொன்னபடி கதையை அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் வேகம் கூடிவிட்டது. “சென்று தேய்ந்து இறுதல்” என்பதும் அந்தப் பத்துக் குற்றங்களில் ஒன்றுதானே! அந்தப் பெயரை அவளிடம் சொன்னேன், போகப்போக மெலிந்து முடிவது என்று விளக்கினேன். “ஆமா மிஸ், எனக்கே எழுதி முடிச்சாப் போதும்னு ஆயிடுச்சு” என்றாள்.

எப்படி முடிக்கலாம் என்று எனக்குள் ஒரு யோசனை ஓடத்தான் செய்தது. சொல்லவில்லை. “இருட்டின பிறகு சைக்கிள் எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். மறுநாள் கொண்டுவந்தாள்:

> இருட்டியதும் அப்பா சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டாண்ட் போடவில்லை. சுவரில் சாய்த்தார். நான் ஸ்டாண்ட் போட்டேன்.

என் யோசனையில் அப்பா மட்டும்தான் இருந்தார். இவள் கதைசொல்லியை உள்ளே கொண்டுவந்து ஒரு காரியம் செய்ய வைத்துவிட்டாள். நான் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது. “வரல” தெரிந்துதான் வைத்தாளாம். அது அப்பா முணுமுணுப்பதாம்.

சக ஆசிரியரிடம் இரண்டையும் காட்டினேன். “இது நல்லா இருக்கு” என்றார். ஆனால் அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது: “ஒரு கதைக்கு இவ்வளவு நேரம் உட்காரலாம். நாற்பது கட்டுரை நோட்டுக்கு?”

#9 ஓரக்குறிப்பு

நாற்பது நோட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதியது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி போன்ற மேற்பரப்புப் பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சிறு குறி. பிழை என்ன என்று எழுதக் கூடாது, வட்டமிடவும் கூடாது. ஒரே வரியில் இரண்டு பிழை என்றால் இரண்டு குறி. மாணவர் தானே தேடித் திருத்திக் கொடுத்த பிறகுதான் மதிப்பெண். அவர் வகுப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்களே திருத்திவிட்டார்கள். தெரியாமல் செய்த பிழையைவிடக் கவனிக்காமல் செய்த பிழைதான் அதிகம் என்று அதற்குப் பொருள். மிஞ்சியவைதான் உண்மையில் தெரியாதவை, உங்கள் நேரத்தை அங்கே செலவிடலாம். சிவப்பு மையில் எல்லாவற்றையும் திருத்தி எழுதுவதைவிட இது வேகமும்கூட.

இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணத் திருத்தம் பயன்படுகிறதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஜான் டிரஸ்காட் 1996இல் திருத்தத்தையே கைவிடலாம் என்று எழுதினார், டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்தார். அது தனி இழைக்கான விஷயம்.

#10 மைத்துளி

ஒரு சந்தேகம். இப்போ எங்க வகுப்புல பாதிப் பேர் எழுதினதை ஏஐ-கிட்ட கொடுத்து “சரி பண்ணு”ன்னு சொல்லிடறாங்க. வர்றது அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாரோடதும் ஒரே மாதிரி இருக்கு. இதுவும் அந்தச் சக ஆசிரியர் பண்ணின மாதிரிதானே?

#11 பட்டறை

அதேதான் தம்பி. ஒரு வித்தியாசம், “என் பேரு வேண்டாம்” என்று சொல்ல அந்த மாணவிக்கு எதிரில் ஓர் ஆள் இருந்தார். இங்கே அழகாக வந்ததைப் பார்த்ததும் பிள்ளையே தன் வரியை விட்டுக்கொடுத்துவிடுகிறது.

எங்கள் பட்டறையில் கேட்கும் விதத்தை மாற்றச் சொல்லியிருக்கிறோம். “திருத்தி எழுது” என்று கேட்காதே. “எந்த இடத்தில் படிப்பவருக்குக் குழப்பம் வரும், இடத்தை மட்டும் காட்டு, மாற்றி எழுதாதே” என்று கேள். அது காட்டும் இடத்திலும் உனக்கு உடன்பாடு இல்லை என்றால் விட்டுவிடு. மூன்று “துடைத்தார்” வந்தால் அதுவும் சிவப்புக் கோடு போடத்தான் செய்யும்.

#12 ஆய்வேடு

ஓரக்குறிப்பு அம்மா சொன்னதை யோசித்தேன். இனி மாணவரின் ஃபைலிலேயே வரிகளை மாற்றிக் காட்டும் ட்ராக் சேஞ்சஸில் திருத்தாமல், ஓரத்தில் குறிப்பாக நிற்கும் கமென்டில் மட்டும் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ட்ராக் சேஞ்சஸில் அனுப்பினால் மாணவர்கள் படிப்பதே இல்லை, “அனைத்தையும் ஏற்றுக்கொள்” என்று ஒரே அழுத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கமென்டை அப்படி ஏற்றுக்கொள்ள முடியாது, ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். அவகாசம் பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

#13 அவசரப்பதிப்பு

இழையை இப்போதுதான் பார்த்தேன். நாளைக் காலை அச்சகத்துக்கு ஃபைல் போகவேண்டும், மாணவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்று மாலைதான் கைக்கு வந்தது. வாய்விட்டுப் படிக்கச் சொல்லவெல்லாம் நேரம் இல்லை. இந்த நிலையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? மெய்ப்புமேசை சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

#14 மெய்ப்புமேசை

கேட்காமல் தொடலாம்: ற/ர, ண/ன, ல/ள/ழ மயக்கம், விட்டுப்போன எழுத்து, ஒற்று, இரண்டு முறை தட்டச்சான சொல், மூடாத மேற்கோள்குறி. உரையாடலுக்குள் இருந்தால் இவற்றையும் யோசித்துத் தொடுங்கள், அங்கே ஆள் பேசுகிற விதமாக இருக்கலாம்.

கேட்டுவிட்டுத் தொடவேண்டியது: தகவல் பிழை, வருடம், பெயர். ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது என்றால் அதுவும். மாணவரைப் போனில் பிடியுங்கள், “இந்த வரியில் நீ சொல்வது இதுவா, அதுவா?” என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் பதிலையே பெரும்பாலும் அப்படியே போட்டுவிடலாம், எழுதியதைவிடத் தெளிவாக இருக்கும். இரண்டு நிமிட வேலை.

தொடக்கூடாதது: தலைப்பு, முதல் வரி, கடைசி வரி, வாக்கியத்தின் நீளம், சொல்தேர்வு. பக்கத்துக்கு அடங்காமல் வெட்டவேண்டி வந்தால் எந்தப் பத்தி போகலாம் என்று அவரையே கேளுங்கள், பிடிக்க முடியாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள். அச்சுக்குப் போகும் ஃபைலை இன்றிரவே அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். புத்தகமாக வந்தபிறகுதான் மாற்றத்தைப் பார்த்தார் என்ற நிலை வரக்கூடாது.